டேப்புக்குப் போன ஃபைலும் டேட்டாபேஸில் நிற்கும் பாதையும்

கேள்வி: எங்கள் நிறுவனம் காப்பீட்டு ஆவணங்களை ஸ்கேன் செய்து சேமிக்கிறது. ஃபைல்கள் லினக்ஸ் சர்வரில் இருக்கின்றன. பாலிசி எண், தேதி, ஃபைலின் பாதை எல்லாம் போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸில். டிஸ்க் கிட்டத்தட்ட நிரம்பிவிட்டது. பழைய ஃபைல்களைத் தானாகவே டேப்புக்கு, அதாவது காந்த நாடாவுக்கு, தள்ளும் ஹெச்எஸ்எம் மென்பொருள் போடலாம் என்கிறார்கள். போட்டால் டேட்டாபேஸில் உள்ள பாதைகள் உடைந்துவிடாதா?

பதில்: உடையாது. ஹெச்எஸ்எம் ஒரு ஃபைலை டேப்புக்கு அனுப்பும்போது அதன் பெயரையும் பாதையையும் தொடுவதில்லை. உள்ளடக்கம் மட்டும் போகும். டிஸ்கில் 'ஸ்டப்' என்கிற கூடு அதே இடத்தில் நிற்கும். ஃபைல்களைப் பட்டியலிடும் எல்எஸ் கட்டளை பழைய அளவையே காட்டும். டிஸ்கில் உண்மையில் பிடித்திருக்கும் இடத்தைச் சொல்லும் டியூ கட்டளையைப் போட்டுப் பார்த்தால்தான் உள்ளே ஒன்றும் இல்லை என்பது தெரியும். யாராவது அந்த ஃபைலைத் திறந்தால் மென்பொருளே டேப்பிலிருந்து எடுத்து வந்து நிரப்பிவிடும். உங்கள் டேட்டாபேஸில் ஒரு வரியைக்கூட மாற்ற வேண்டியதில்லை.

நீங்கள் கவலைப்பட வேண்டியது வேறு மூன்று விஷயங்களுக்கு.

முதலாவது, காத்திருப்பு. டேப் அலமாரியில் உள்ள ரோபோ டேப்பை எடுத்து டிரைவில் செருகி, சரியான இடத்துக்குச் சுற்றிப் படிக்கத் தொடங்கவே ஒன்றிரண்டு நிமிடம் ஆகும். டிரைவ்கள் எல்லாம் வேலையாக இருந்தால் இன்னும் கூடும். பயனருக்கும் அப்ளிகேஷனுக்கும் நடுவே நிற்கும் என்ஜின்எக்ஸ் ப்ராக்ஸி இயல்பாக 60 விநாடிதான் பொறுக்கும். அப்புறம் பயனருக்குப் பிழைச்செய்தி. அவர் மறுபடி மறுபடி பட்டனை அமுக்குவார். நெட்வொர்க்கில் ஃபைல் பகிரும் என்எஃப்எஸ் வழியாக ஃபைல்களைக் கொடுத்தால் இன்னும் மோசம். லினக்ஸின் என்எஃப்எஸ் சர்வரில் வெகுகாலம் இயல்பு எண்ணிக்கை 8 த்ரெட்தான், அதாவது ஒரே நேரத்தில் எட்டுக் கோரிக்கைகளைத்தான் கவனிக்கும். எட்டுப் பேர் எட்டுப் பழைய ஃபைலைத் திறந்தால் எட்டும் டேப்புக்காகக் காத்து நிற்கும். டிஸ்கிலேயே இருக்கும் புது ஃபைலைக் கேட்பவரும் வரிசையில் மாட்டிக்கொள்வார். த்ரெட்களைக் கூட்டுங்கள். அதைவிட முக்கியம், ஃபைல் டேப்பில் இருந்தால் அப்ளிகேஷன் அதை நேரடியாகத் திறக்கக் கூடாது. 'வரவழைக்கிறோம், வந்ததும் தகவல் தருகிறோம்' என்று சொல்லிவிட்டு, கோரிக்கையை ஓர் அட்டவணையில் போட்டு வைக்கட்டும். அந்தக் கோரிக்கைகளைச் சேர்த்து ஒரே பட்டியலாகக் கொடுத்தால், ஐபிஎம்மின் ஹெச்எஸ்எம் போன்றவை டேப்பில் ஃபைல்கள் கிடக்கும் வரிசையிலேயே படித்துத் தரும். ஒவ்வொன்றாகக் கேட்டால் டேப் முன்னும் பின்னும் ஓடியே பொழுது போய்விடும்.

இரண்டாவது, எதை அனுப்புவது என்று யார் முடிவு செய்வது? பெரும்பாலோர் 'கடைசியாகத் திறந்து ஆறு மாதமான ஃபைல்' என்று ஒரு விதி எழுதிவிட்டுப் போய்விடுகிறார்கள். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. டிஸ்கை இணைக்கும்போது (மவுன்ட்) நோஏடைம் என்ற அமைப்பைப் போட்டிருந்தால் திறந்த நேரமே பதிவாகாது. 2009 முதல் லினக்ஸில் இயல்பாக இருக்கும் ரெல்ஏடைம் என்ற அமைப்பு பரவாயில்லை. பழைய நேரம் 24 மணி நேரத்தைத் தாண்டியிருந்தால் புதுப்பிக்கும். ஆனால் வைரஸ் ஸ்கேனர் ஒரு சுற்று வந்தாலே எல்லா ஃபைலும் 'இன்றுதான் திறந்தது' ஆகிவிடும். பாலிசி முதிர்ந்துவிட்டதா, கிளெய்ம் முடிந்ததா என்பது ஃபைல் சிஸ்டத்துக்குத் தெரியாது. உங்கள் டேட்டாபேஸுக்குத் தெரியும். ஆகவே முடிவு அங்கிருந்தே வரட்டும். வாரம் ஒரு முறை ஒரு க்வெரி, 'கிளெய்ம் முடிந்து ஓராண்டு ஆனவை' என்று பாதைகளின் பட்டியலை எடுத்து, டேப்புக்கு அனுப்பும் மைக்ரேஷன் கட்டளையிடம் ஒப்படைக்கட்டும். டிஸ்க் 90 விழுக்காடு நிரம்பினால் 80க்கு இறக்கும் தானியங்கி வரம்பும் இருக்கட்டும், அவசரத்துக்கு. சின்ன ஃபைல்களை, குறிப்பாக முன்தோற்றப் படங்களை, அனுப்பவே வேண்டாம். 20 கேபி ஃபைலை அனுப்பி மிச்சமாகும் இடம் ஒன்றுமே இல்லை.

மூன்றாவதுதான் உண்மையில் ஆளை மாட்டிவிடும்: டேட்டாபேஸை நேற்றைய நிலைக்கு மீட்டெடுக்கும் நாள். டேட்டாபேஸில் நேற்று இருந்த பதிவுகள் திரும்ப வந்துவிடும். இன்று காலை அழித்த ஃபைல்கள் வராது. பாதை இருக்கும், ஃபைல் இருக்காது. ஐபிஎம் இதற்காகவே தன் டிபி2 டேட்டாபேஸில் டேட்டாலிங்க் என்ற தரவு வகையைக் கொண்டுவந்தது. டேட்டாபேஸ் இணைத்துவிட்ட ஃபைலை வேறு யாரும் அழிக்கவோ பெயர் மாற்றவோ முடியாது. டேட்டாபேஸைப் பின்னோக்கி மீட்டால் ஃபைலும் அதற்கேற்றபடி மீளும். டேட்டாபேஸ் மொழியான எஸ்கியூஎல்லின் தர விதிகளிலும் அது இடம்பிடித்தது. நல்ல யோசனைதான், ஆனால் நிர்வகிக்கப் பெரும்பாடு. 2006இல் வந்த டிபி2 9ஆம் பதிப்பில் அதைக் கைவிட்டார்கள். போஸ்ட்கிரெஸோடு அப்படி ஒன்று சேர்ந்து வருவதில்லை, எனவே நீங்களே ஒழுங்கு வைத்துக்கொள்ள வேண்டும்.

சரி, எப்படி? அப்ளிகேஷன் ஃபைலை நேரடியாக அழிக்கவே கூடாது. 'அழிக்க வேண்டியவை' என்ற அட்டவணையில் தேதியோடு எழுதி வைக்கட்டும். டேட்டாபேஸ் பேக்கப்பை 35 நாள் வைத்திருக்கிறீர்கள் என்றால், 40 நாள் கழித்து வேறொரு நிரல் உண்மையாக அழிக்கட்டும். ஒரு ஃபைலைத் திருத்தினால் பழையதன் மேல் எழுதாதீர்கள். புதுப் பெயரில் புது ஃபைல். டேப்பில் இருக்கும் ஃபைலில் எழுதினால் முதலில் அது டிஸ்குக்கு வர வேண்டும், டேப்பில் உள்ள பிரதியும் வீணாகும்.

இன்னொன்று. டேப்புக்குப் போய்விட்டதால் பேக்கப் ஆகிவிட்டது என்று நினைப்பவர்கள் நிறையப் பேர். அது பேக்கப் அல்ல, அதுதான் ஒரே அசல். ஸ்டப்பை யாராவது தவறி அழித்தால் டேப்பில் உள்ளதும் காலப்போக்கில் காலாவதியாகும். ஐபிஎம்மின் மென்பொருளில் 'பேக்கப் எடுக்காத ஃபைலை நகர்த்தாதே' என்ற அமைப்பு இயல்பாகவே இருக்கிறது. வேகத்துக்காக அதை யாராவது அணைத்திருந்தால் மறுபடி போடுங்கள்.

உள்ளடக்கம் மாறவில்லை என்று சரிபார்க்க உதவும் செக்சம் மதிப்பை ஃபைல் உள்ளே வரும்போதே கணக்கிட்டு டேட்டாபேஸில் எழுதிவிடுங்கள். பிறகு கணக்கிட்டுக்கொள்ளலாம் என்று விட்டால், கணக்கிடுவதற்காகவே ஒவ்வொரு ஃபைலும் டேப்பிலிருந்து இறங்கும். நான் பார்த்த ஓர் இடத்தில், சனிக்கிழமை இரவு ஓடிய சரிபார்ப்பு நிரல் ஒன்று திங்கள் காலைக்குள் டிஸ்கை நிரப்பிவிட்டது. மாதக்கணக்கில் டேப்புக்கு அனுப்பியதெல்லாம் வரிசையாகத் திரும்பி வந்திருந்தது.

அதனால் எல்லாவற்றையும் ஒரே நாளில் தொடங்க வேண்டாம். மிகப் பழைய ஓர் ஆண்டின் ஃபைல்களை மட்டும் அனுப்பிவிட்டு, டேப்பிலிருந்து எது எப்போது வரவழைக்கப்பட்டது என்று காட்டும் ரீகால் பதிவை இரண்டு வாரம் பாருங்கள். அலுவலகத்தில் யாருமே இல்லாத இரவு இரண்டு மணிக்கு ஒரு ஃபைல் வரவழைக்கப்பட்டிருந்தால், நீங்கள் மறந்துபோன ஏதோ ஒரு நிரல் அங்கே இருக்கிறது. முதலில் அதைக் கண்டுபிடியுங்கள்.