பரதன் கைக்கு ஒரு எலும்பு

பொம்மை வைத்தியம்: வாசகர் கேள்வி - பதில்

கேள்வி: எங்கள் வீட்டுப் பட்டாபிஷேக செட், மாமியார் காலத்தில் பண்ருட்டியில் வாங்கியது. சுட்ட மண் பொம்மைகள், முக்கால் அடி உயரம் இருக்கும். அதில் பரதனின் வலது கை முழங்கையில் ஒடிந்துவிட்டது. கடையில் கிடைக்கும் க்விக் பசை போட்டு ஒட்டினேன். அந்த வருடம் நின்றது. அடுத்த நவராத்திரிக்குக் குடையை மாட்டியதும் குடையோடு கை கீழே விழுந்தது. மறுபடி ஒட்டினேன், மறுபடியும் அதே கதை. இப்போது ஒடிந்த இடத்தைச் சுற்றி வெள்ளையாக வேறு பூத்துக் கிடக்கிறது. பேசாமல் புதிதாக ஒன்று வாங்கிவிடலாமா?
- வாசகி, கும்பகோணம்

பதில்: வாங்காதீர்கள் அம்மா. புதுப் பரதன் பழைய ராமருக்குப் பக்கத்தில் யாரோ வீட்டுப் பிள்ளை மாதிரி நிற்பார். கை போனால் வைக்கலாம். அந்தப் பழைய வர்ணமும் முகவெட்டும் போனால் திரும்பி வராது.

உங்கள் பசையில் குறை இல்லை, வேலைதான் அதற்கு ஏற்றதில்லை. க்விக் பசை காய்ந்தால் கண்ணாடி மாதிரி இறுகும்; ஒரு தட்டுத் தட்டினால் விட்டுவிடும். இரண்டு பக்கமும் இடைவெளியில்லாமல் பொருந்தினால்தான் அது பிடிக்கும். உங்கள் பரதனோ நீட்டிய கையில் குடை பிடிக்கிறார். தகரக் குடை எடை குறைவுதான், ஆனால் அந்தப் பாரம் முழுக்க நெம்புகோல் மாதிரி முழங்கையில் போய் விழுகிறது. அங்கே பசை மட்டும் போதாது, எலும்பு வேண்டும்.

அந்த வெள்ளை, பூஞ்சை அல்ல. பசையிலிருந்து கிளம்பிய ஆவி பக்கத்தில் படிந்து காய்ந்தது. வர்ணத்தின் மேல் இருப்பதைச் சுரண்ட வேண்டாம், கடைசியில் பார்த்துக்கொள்ளலாம். ஒடிந்த முகம் இரண்டிலும் இருக்கும் பழைய பசையை மட்டும் பிளேடு நுனியால் பொறுமையாகச் செதில் செதிலாக எடுங்கள். நகப்பூச்சு அழிக்கும் அசிட்டோனும் அதைக் கரைக்கும், ஆனால் வர்ணத்தையும் சேர்த்துக் கரைக்கும். அதனால் பஞ்சு சுற்றிய குச்சியில் லேசாகத் தொட்டு, ஒடிந்த முகத்தின் நடுவில் மட்டும் வையுங்கள். இந்த வேலைக்கு எனக்கு ஒரு மாலைப்பொழுது போகும். இதை ஒழுங்காகச் செய்யாமல் மேலே மேலே ஒட்டுவதால்தான் மூன்றாவது தடவை கை ஒரு நூல் தள்ளி, கோணலாக நிற்கிறது.

இனி எலும்பு. ஹார்டுவேர் கடையில் 1 மில்லிமீட்டர் பித்தளைக் கம்பி கேளுங்கள். இரும்பு வேண்டாம், துருப்பிடித்தால் உள்ளேயே உப்பி மண்ணைப் பிளந்துவிடும். ஓட்டை போட மோட்டார் ட்ரில் ஆகவே ஆகாது. அந்தப் பாவத்தை நான் செய்திருக்கிறேன்: அவசரத்தில் மெஷினை வைத்து ஒரு லட்சுமணனின் தோளையே தூள் ஆக்கினேன். பேனா தடிமனில் 'பின் வைஸ்' என்று ஒரு கருவி உண்டு. நுனியில் மெல்லிய ட்ரில் பிட் மாட்டி, விரலால் உருட்டிக்கொண்டே போகலாம். சுட்ட மண்ணில் செங்கல் பொடி மாதிரி சிவப்புத் தூள் உதிர உதிர இறங்கும். அழுத்தாமல் உருட்டினாலே போதும்.

முதலில் தோள் பக்கத்துத் துண்டில், சரியாக நடுவில், அரை சென்டிமீட்டர் ஆழத்துக்கு ஒரு ஓட்டை. எதிர்ப்பக்க ஓட்டை எங்கே வரவேண்டும் என்பதில்தான் எல்லோரும் கோட்டை விடுகிறார்கள். நான் செய்வது இது: குங்குமத்தை ஒரு சொட்டுத் தண்ணீரில் குழைத்து, ஓட்டையின் விளிம்பில் ஊசியால் தொட்டு வைப்பேன். ஒடிந்த கையை அதன் இடத்தில் ஒரே அழுத்து அழுத்தி எடுத்தால், எதிர்ப்பக்கத்தில் சின்னச் சிவப்புப் பொட்டு விழும். அந்தப் பொட்டில் அடுத்த ஓட்டை. ஒரு சென்டிமீட்டருக்கு ஒரு இம்மி குறைவாகக் கம்பியை வெட்டி, பசை இல்லாமல் முதலில் மாட்டிப் பாருங்கள். கை திரும்பி நின்றால் ஓட்டையைக் கொஞ்சம் அகலமாக்குங்கள். கம்பியை வளைத்துச் சமாளிக்கப் பார்க்காதீர்கள்.

பொருந்திவிட்டதா? சரி, அரால்டைட்டின் இரண்டு டியூபிலிருந்தும் சம அளவு எடுத்து நன்றாகக் குழையுங்கள். கம்பியிலும் ஒடிந்த முகத்திலும் மெல்லியதாகப் பூசிச் சேர்த்துப் பிடியுங்கள். பிதுங்கி வருவதை அப்போதே துடைத்துவிட வேண்டும். அப்புறம் பரதனை ஒரு அரிசிப் பாத்திரத்தில் படுக்க வைத்து, கைக்கு அணையாக அரிசியைக் குவித்து, ஒரு நாள் முழுக்கத் தொடாமல் விடுங்கள். அரிசியில் பசை படாமல் நடுவில் ஒரு பிளாஸ்டிக் தாள் போட மறக்க வேண்டாம். எங்கள் வீட்டில் இதற்கு நான் வாங்கிய திட்டு கொஞ்சநஞ்சமில்லை.

மறுநாள் விரிசலில் பள்ளம் தெரிந்தால் எம்-சீல், இரண்டு துண்டாக வரும் ஒட்டு மாவு. இரண்டு நிறமும் வரி தெரியாமல் ஒன்றாகும்வரை பிசைந்து, நூல் மாதிரி உருட்டிப் பள்ளத்தில் பதித்து, ஈர விரலால் நீவுங்கள். இறுகிய பிறகு உப்புத்தாள் போட்டுத் தேய்த்தால் பக்கத்து வர்ணமும் சேர்ந்து போகும். அதனால் ஈரமாக இருக்கும்போதே வழவழவென்று ஆக்கிவிடுவது உத்தமம்.

வர்ணத்துக்கு வருவோம். பரதன் ராமர் நிறம்தானே, நீலம். டியூப் நீலத்தை அப்படியே பூசினால் கண்ணைக் குத்தும். வெள்ளையில் நீலம் கலந்து, ஒரு ஊசிமுனை பழுப்பும் சேருங்கள். பழைய வார்னிஷ் மஞ்சள் பாரித்திருக்கும். அந்த மங்கல் பழுப்பில்தான் வரும். அக்ரிலிக் காய்ந்தால் ஒரு படி கருக்கும். அதனால் காகிதத் துண்டில் பூசி, காயவிட்டு, ஜன்னல் வெளிச்சத்தில் கைக்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். டியூப்லைட்டில் பார்த்து முடிவு செய்தால் பகலில் பல் இளிக்கும். பூசுவது ஒட்டுப்போட்ட கோட்டிலும் அந்த வெள்ளை பூத்த இடத்திலும் மட்டும். கை முழுக்க அடித்தால் மற்றக் கை அழுக்காகத் தெரியும், பிறகு அதையும் அடிப்பீர்கள், அப்புறம் முகம்... அதோடு பழைய பரதன் காலி. கோடு மறையவே இல்லையென்றால் அதன்மேல் தங்க நிறத்தில் ஒரு வளை வரைந்துவிடுங்கள். திருட்டுத்தனம்தான், ஆனால் நானும் செய்ததுண்டு.

கொலு முடிந்ததும் குடையைக் கழற்றித் தனியாகச் சுற்றி வையுங்கள். உங்கள் கடிதத்தைப் படித்தால், முதல் தடவை கை ஒடிந்ததே அது மாட்டியபடி பெட்டிக்குள் போனதால்தானோ என்று தோன்றுகிறது.

கேள்வி: விளாச்சேரியில் வாங்கிய காகிதக்கூழ் செட்டியாருக்குக் கழுத்து ஆடுகிறது. இதற்கும் ஓட்டை போட்டுக் கம்பி வைக்கலாமா?
- வாசகர், மதுரை

பதில்: வேண்டாம் சார். பெரும்பாலும் உள்ளே வெற்றிடம். கம்பிக்குப் பிடிமானம் கிடைக்காது. மூங்கில் குச்சி ஒன்றைக் கழுத்துக்குள் நுழையும் அளவுக்குச் சீவி, ஃபெவிகால் தடவிய டிஷ்யூ காகிதத்தை அதில் சுற்றி, இறுக்கமாகச் செருகுங்கள். வெளியே இரண்டு மூன்று சுற்று டிஷ்யூ ஒட்டினால் போதும். ஃபெவிகாலில் தண்ணீர் விட்டு நீர்க்க ஆக்கிவிடாதீர்கள், கூழ் ஊறி செட்டியார் தொளதொளத்துவிடுவார். ஒடிந்த இடத்தில் நார் நாராகத் தெரிந்தால் கூழ், மாவாக வெள்ளை உதிர்ந்தால் பிளாஸ்டர். பிளாஸ்டராக இருந்தால்தான் நீர்க்கக் கரைத்த பசையை முதலில் குடிக்கவிட்டு, காய்ந்த பின் ஒட்டவேண்டும்.

கேள்வி: தஞ்சாவூர் நாட்டியப் பெண் பொம்மையின் தலை கழன்று கழன்று விழுகிறது. எந்தப் பசை நல்லது?
- வாசகி, சேலம்

பதில்: எந்தப் பசையும் நல்லதில்லை! ஆடத்தான் அந்த மூட்டு. தலை, உடம்பு, பாவாடை எல்லாம் கம்பிமுனையில் ஒன்றன்மேல் ஒன்றாக உட்கார்ந்திருக்கும். ஒட்டினால் அவள் பொம்மை, ஆட்டம் போச்சு. கழுத்தடியில் கம்பி வளைந்திருக்கும், பாருங்கள். குறட்டால் மெதுவாக நிமிர்த்தி, துரு இருந்தால் உப்புத்தாளால் துடைத்துவிட்டு மறுபடி உட்கார வையுங்கள்.

கேள்வி: ஒடிந்து ஒட்டிய பொம்மையைக் கொலுவில் வைக்கலாமா?
- பலர்

பதில்: சாஸ்திரம் என் வட்டாரம் இல்லை, வீட்டுப் பெரியவர்களைக் கேளுங்கள். எங்கள் வீட்டில் அம்மா, ஒட்டுத் தெரியாமல் ஒரு முழம் கதம்பத்தைச் சாத்தி மேல்படியிலேயே வைத்துவிடுவாள். நான் எட்டாவது படிக்கும்போது தீக்குச்சியை எலும்பாக வைத்து ஒட்டிய அனுமன் கை இன்னும் நிற்கிறது. வாட்டர்கலரில் பூசியதால் அந்தக் கை மட்டும் கொஞ்சம் வெளுத்திருக்கும்.