முற்றத்துக்குக் கூரை: என்ன பைப் போடலாம்?

கேள்வி: காரைக்குடியில் எங்கள் வீட்டு முற்றம் 14 அடி அகலம். பாலிகார்பனேட் ஷீட் போட என்ன பைப் வாங்கலாம்? கனடாவில் தம்பி வீட்டுக் கண்ணாடி அறைக்குப் பனிச்சுமை பார்த்தார்களாம்.

பதில்: நமக்குப் பனி இல்லை. ஆனாலும் கூரைக்குச் சதுர மீட்டருக்கு 75 கிலோ சுமை கேட்கிறது கட்டடச் சுமைகளுக்கான இந்தியத் தரநிலை ஐ.எஸ். 875. ஷீட், பைப் எடையோடு 90 என்று வையுங்கள். மீட்டருக்கு ஒன்றாக 100×50×4 மி.மீ. இரும்புப் பெட்டிப் பைப் தாங்கும். 100 மி.மீ. பக்கம் நிமிர்ந்து நிற்கட்டும். படுக்கப்போட்டால் விறைப்பு மூன்றில் ஒரு பங்காகி, நடுவில் தொய்ந்து மழைநீர் தேங்கும். 80×40 வேண்டவே வேண்டாம்.

ஒவ்வொரு முனையிலும் 200 கிலோ இறங்கும். ஓட்டு இறவாரத்தில் ஏற்றாதீர்கள். பழைய சுண்ணாம்புச் சுவரில் நேரே போல்ட் அடித்தால் பெயர்ந்துவிடும். காங்கிரீட் கட்டை வார்த்து அதில் இறுக்குங்கள். ஆடிக்காற்று கூரையை மேலே இழுக்கும். அந்தப் பிடிப்பை மட்டும் பொறியாளரிடம் காட்டிவிடுங்கள்.