கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்து முதல் லெப்டினன்ட் கவர்னர் ஜோசப் ட்ரட்ச் என்ன தவறு செய்தார்? அவர் பெயரைத் தெருவிலிருந்து எடுத்தது சரியா?

சரிதான் என்பது என் பதில். ஏன் என்று சொல்ல வேண்டுமானால் என் தொழிலைச் சொல்லியாக வேண்டும். நான் நில அளவர். அப்பா செயின்மேனாக, அதாவது அளவைச் சங்கிலி இழுப்பவராக, இருந்து ஓய்வு பெற்றவர். நீங்கள் இந்த மாகாணத்துக்குப் புதிதாக வந்து, தலைநகர் விக்டோரியாவில் பெயர்ப்பலகை மாறியதைப் பார்த்துவிட்டுக் கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன். ஃபேர்ஃபீல்ட் பகுதியில் ட்ரட்ச் தெருவாக இருந்தது 2022-ல் சேயீட் தெரு ஆனது. அந்தப் பகுதியின் பூர்வகுடிகளான லெக்வங்கன் மக்களின் மொழியில் அதற்கு 'உண்மை' என்று பொருள். ட்ரட்ச் கட்டிய வீடு இன்றும் அந்தத் தெருவில் இருக்கிறது.

முதலில் அவருடைய திறமையைச் சொல்லிவிடுகிறேன். 1826-ல் இங்கிலாந்தில் பிறந்தவர். சர் ஜான் ரென்னியிடம் பொறியியல் பழகி, 1849-ல் தங்க வேட்டைக் காலத்து கலிஃபோர்னியாவுக்குப் போனார். ஒரிகனிலும் இல்லினாயிலும் வேலை பார்த்துவிட்டு 1859-ல் இங்கே வந்து, ஃப்ரேசர் ஆற்றின் கீழ்ப்பகுதியில் நிலம் அளந்தார், சாலை போட்டார். 1863-ல் ஸ்பஸம் என்ற ஊர் அருகே அந்த ஆற்றுக்குக் குறுக்கே அலெக்சாண்ட்ரா தொங்குபாலத்தைக் கட்டி, அதில் சுங்கம் வசூலிக்கும் உரிமையும் பெற்றார். அந்தப் பள்ளத்தாக்கில் நீரின் வேகத்தைப் பார்த்த யாரும் அந்த வேலையைக் குறைத்துப் பேச மாட்டார்கள். நானும் பேசவில்லை.

1864-ல் காலனியின் நிலம், பொதுப்பணி இரண்டுக்கும் தலைமை ஆணையர் ஆனார். என் வருத்தம் இங்கேதான் தொடங்குகிறது. அவர் பதவிக்கு வந்தபோது, ஓய்வு பெற்றுப் போன கவர்னர் ஜேம்ஸ் டக்ளஸ் ஒரு முறையை விட்டுப் போயிருந்தார். பூர்வகுடி மக்கள் எந்த நிலத்தைத் தங்களுடையது என்று காட்டுகிறார்களோ, அதை அவர்கள் கேட்கும் அளவுக்கு அளந்து ஒதுக்க வேண்டும் என்பது அது. மெக்கால் என்ற சர்வேயர் 1864-ல் ஃப்ரேசர் ஆற்றோரம் போய் அப்படியே அளந்தார். எந்த ஒதுக்கீடும் 100 ஏக்கருக்குக் குறையக் கூடாது என்பது தனக்கு வந்த உத்தரவு என்று எழுதியும் வைத்தார்.

ட்ரட்ச் அதை ஏற்கவில்லை. மெக்கால் உத்தரவைத் தவறாகப் புரிந்துகொண்டார், இவ்வளவு நிலம் அந்த மக்களுக்குத் தேவையில்லை என்று சொல்லி மறு அளவை செய்து வெட்டினார். ஒரு குடும்பத்துக்கு 10 ஏக்கர் என்பது அவர் கணக்கு. அதே சமயம் ஒரு வெள்ளைக் குடியேறி 160 ஏக்கர் பதிந்துகொள்ளலாம். 1866-லிருந்து பூர்வகுடி ஒருவர் அப்படிப் பதிய வேண்டுமென்றால் கவர்னரின் எழுத்துபூர்வ அனுமதி வேண்டும். 10 ஏக்கர் என்பது உச்சவரம்பே அல்ல, அதற்குக் குறைந்தால் கூட்டிக் கொடுக்கச் சொல்லியிருந்தேன் என்று டக்ளஸே 1874-ல் கடிதம் எழுதினார்.

'அந்தக் காலத்து ஆள், இன்றைய அளவுகோலால் அளக்காதே' என்று சிலர் பின்னூட்டத்தில் வருவார்கள், தெரியும். டக்ளஸும் அதே காலத்து ஆள்தான். 1850 முதல் 1854 வரை வான்கூவர் தீவில் 14 ஒப்பந்தங்கள் போட்டு நிலம் வாங்கியவர். அந்த ஒப்பந்தங்கள் கண் முன்னால் இருக்க, பூர்வகுடி மக்களின் நில உரிமையை அரசு ஒருபோதும் ஏற்றதில்லை என்று 1870-ல் எழுதியவர் ட்ரட்ச். தெரியாமல் செய்தார் என்று என்னால் எடுத்துக்கொள்ள முடியவில்லை. 'குடியேறி வந்த உனக்கு என்ன?' என்றும் கேட்பார்கள். அதே நிலத்தில்தான் நானும் வீடு எடுத்திருக்கிறேன். தெரிந்துகொள்ள வேண்டியது என் கடமை.

1870-ல் கனடாவோடு இணையப் பேச அதன் தலைநகர் ஒட்டாவா போன மூவரில் அவரும் ஒருவர். பத்து வருடத்தில் ரயில் பாதை என்ற வாக்குறுதி அந்தப் பேச்சில் கிடைத்ததுதான். 1871-ல் இணைந்ததும் லெப்டினன்ட் கவர்னர் பதவி அவருக்கு வந்தது. அது தேர்தல் பதவி அல்ல, ஒட்டாவாவின் மத்திய அரசு நியமிப்பது. மாகாணத்தின் முதல் பிரீமியர் (முதல்வர்) மெக்ரைட்டை அமர்த்தியதும் அவரே. 1876 வரை இருந்தார். இணைப்பு விதிகளின் 13-ஆம் பிரிவு, பூர்வகுடி விஷயத்தில் இதுவரை காலனி காட்டிய அதே தாராளத்தோடு கனடா நடந்துகொள்ளும் என்கிறது. அந்தத் தாராளம் எப்படிப்பட்டது என்று மேலே பார்த்தோம். ஒட்டாவா பிறகு குடும்பத்துக்கு 80 ஏக்கர் கேட்டபோது மாகாணம் 20-க்கு மேல் வரவில்லை.

குடும்பத்தையும் பாருங்கள். தம்பி ஜான் கல்யாணம் செய்தது கவர்னர் மஸ்கிரேவின் தங்கையை. தங்கையின் கணவர் பீட்டர் ஓ'ரைலி 1880-ல் ஒதுக்கீட்டு நிலங்களுக்கே ஆணையர் ஆனார்.

இதை எழுதும்போது என் கதையும் நினைவுக்கு வருகிறது. ஊரில் 14 வருடம் புலப்படம் வரைந்தவன் நான். இங்கே ஓர் அலுவலகத்தில் என் டிப்ளமோவைத் திருப்பிக்கூடப் பார்க்காமல் 'கனடிய அனுபவம் உண்டா?' என்றார்கள். மூன்று வருடம் முளைக்கட்டையும் சுத்தியலும் சுமந்தேன். கேள்விக்குச் சம்பந்தம் இல்லைதான், ஆனால் இன்றும் இப்படி வருகிறவர்கள் இருக்கிறார்கள், அவர்களுக்காகச் சொல்கிறேன்.

அந்த நாட்களில் ஒருநாள் பழைய வரைபடத்தின் நகல் ஒன்று கைக்கு வந்தது. ஓரத்தில் தூரங்கள் செயினிலும் லிங்க்கிலும் குறித்திருந்தன. அப்பா இழுத்த அதே 66 அடிச் சங்கிலி, அதே 100 கண்ணி. அன்று இரவு ஊருக்கு போன் போட்டு ட்ரட்ச் கதையைச் சொன்னேன். அப்பா நடுவில் ஒன்றும் பேசவில்லை. கடைசியில், "முன்னாடி அளந்தவர் எழுதி வெச்சது இருந்துச்சா?" என்றார்.

"இருந்துச்சுப்பா."

"இவரும் அளக்குறவர்தானே?"

"ஆமா."

"அப்புறம் எப்படிப்பா மனசு வந்துச்சு?"

எனக்குப் பதில் தெரியவில்லை. இந்த மாகாணத்தின் பெரும்பகுதிக்கு இன்றும் பூர்வகுடி மக்களோடு நில ஒப்பந்தம் கிடையாது. நீதிமன்றங்களில் வழக்குகள் ஓடிக்கொண்டிருக்கின்றன. நீங்கள் ஃப்ரேசர் பள்ளத்தாக்கு வழியாகப் போனால் ஸ்பஸம் அருகே வண்டியை நிறுத்துங்கள். ட்ரட்சின் பாலம் 1894 வெள்ளத்தில் போய்விட்டது. அதே இடத்தில் 1926-ல் கட்டிய பாலம் இருக்கிறது, கொஞ்ச தூரம் நடந்து இறங்க வேண்டும்.