மைக் பிடிக்க ஆசைப்படும் மகளை எதில் சேர்ப்பது?

ஐயா, டிவியில் மேட்ச் ஓடும்போது சத்தத்தைக் குறைத்துவிட்டு உங்கள் மகள் தானே வர்ணனை செய்கிறாள் என்று எழுதியிருக்கிறீர்கள். கம்ப்யூட்டர் சயின்ஸ் தவிர எதைப் படித்தாலும் பிழைக்க முடியாது என்று உங்கள் மைத்துனர் சொல்கிறாராம். பயப்படாதீர்கள், எல்லாம் சரியாகிவிடும் என்று நானும் எழுதி அனுப்பிவிடலாம். ஆனால் நிலத்தை அடகு வைத்து மேனேஜ்மென்ட் கோட்டாவில் சீட் வாங்கப் போவதாகக் கடைசி வரியில் இருக்கிறதே. வேண்டாம். கணக்கு என்றாலே அவளுக்கு ஆகாது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். நாளைக்கு அரியர் விழுந்தால் அழப்போவது அவள், வட்டி கட்டப்போவது நீங்கள். மைத்துனர் அடுத்த கல்யாண வீட்டில் வேறு யாருக்காவது யோசனை சொல்லிக்கொண்டிருப்பார்.

கிரிக்கெட் வர்ணனையாளர் ஹர்ஷா போக்லே இன்ஜினியரிங் படித்தவர்தானே என்பீர்கள். ஆமாம், கெமிக்கல் இன்ஜினியரிங். அதற்கு மேல் அகமதாபாத் ஐ.ஐ.எம். வேறு. ஆனால் 19 வயதிலேயே அவர் வானொலியில் வர்ணனை செய்யத் தொடங்கிவிட்டார். அவரை மைக் முன்னால் உட்கார வைத்தது அந்தப் பட்டங்கள் இல்லை.

டிவி கிரிக்கெட் வர்ணனையில் பெரும்பாலான நாற்காலிகள் முன்னாள் வீரர்களுக்குத்தான். அதை நம்பி மட்டும் இறங்க வேண்டாம். இதே திறமைக்கு யாரும் அதிகம் பேசாத இன்னொரு வேலை இருக்கிறது: பார்வையற்றவர்களுக்கான ஒலி விவரிப்பு, அதாவது கண்ணால் பார்க்க வேண்டியதைப் பேச்சில் சொல்வது. 1927 ஜனவரியில் பிபிசி வானொலி முதன்முதலாக ஒரு ரக்பி ஆட்டத்தை நேரலையில் வர்ணித்தபோது, வர்ணனையாளர் டெடி வேக்லம் முன்னால் பார்வையற்ற ஒருவரை உட்கார வைத்து, அவருக்குச் சொல்வதுபோலப் பேசச் சொன்னார்களாம். 2022 கத்தார் உலகக் கோப்பையில் பார்வையற்ற ரசிகர்களுக்கென்றே அரபியிலும் ஆங்கிலத்திலும் தனி வர்ணனை இருந்தது.

சினிமாவில் இந்த வேலை இன்னும் நுணுக்கமானது. இரண்டு வசனங்களுக்கு நடுவே மூன்று நொடி இடைவெளி கிடைக்கும். அதற்குள் திரையில் நடப்பதைச் சொல்லி முடித்துவிட வேண்டும், அடுத்த வசனத்தின் மேல் ஏறக்கூடாது. ‘அவள் கோபமாக இருக்கிறாள்’ என்று முடிவை நீங்கள் சொல்லக்கூடாது. ‘பல்லைக் கடிக்கிறாள், கடிதத்தைக் கசக்குகிறாள்’ என்றால் கேட்பவரே புரிந்துகொள்வார். துப்பாக்கிச் சத்தம் காதில் விழும், யார் சுட்டார்கள் என்பது விழாது. அதைத்தான் சொல்ல வேண்டும். முதலில் எழுத்து, பிறகு குரல். நன்றாகச் செய்பவர்கள் நடுவில் பார்வையற்ற ஒருவரிடம் கொடுத்துச் சரிபார்ப்பார்கள். எழுதுகிறவரே பேச வேண்டும் என்றும் இல்லை.

இந்தியாவில் 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் மின்னணு ஊடகங்களில் ஒலி விவரிப்பு வேண்டும் என்கிறது. திரையரங்குகளில் ஓடும் படங்களுக்கு 2024இல் மத்திய அரசு வழிகாட்டு நெறிகளும் வெளியிட்டது. தமிழில் கச்சிதமாக எழுதவும் பேசவும் தெரிந்தவர்கள் இதற்குத் தேவைப்படுவார்கள்.

இதில் மாதச் சம்பளத்தை எதிர்பார்க்காதீர்கள். வேலைக்கு இவ்வளவு என்று பேசிக்கொள்வதுதான், அதுவும் தொடக்கத்தில் விட்டு விட்டுத்தான் வரும். அதனால் கையில் ஒரு பட்டம் இருக்கட்டும். அரசுக் கல்லூரியிலோ அரசு உதவி பெறும் கல்லூரியிலோ தமிழ் இலக்கியம், இதழியல், காட்சித் தொடர்பியல் என்று அவளுக்குப் பிடித்ததில் சேருங்கள். ‘வர்ணனையாளர் ஆக்கிக் காட்டுகிறோம், வேலை உறுதி’ என்று லட்சக்கணக்கில் கேட்கும் பயிற்சி மையம் எதற்கும் ஒரு ரூபாய்கூடக் கட்டாதீர்கள். பயிற்சிக்கு ஒரு போன் போதும். ஐந்து நிமிட வாலிபால் ஆட்டத்தை வர்ணித்துப் பதிவு செய்யட்டும். ஆட்டத்தைப் பார்க்காத ஒருவரிடம் அதைப் போட்டுக் காட்டி, இடையில் நிறுத்தி, ‘இப்போது பந்து எந்தப் பக்கம்?’ என்று கேட்கட்டும். அவர் முழித்தால் மறுபடி பேச வேண்டியதுதான்.

அப்புறம், விண்ணப்பம் போடுவதற்கு முன் பத்து நிமிடப் படக்காட்சி ஒன்றுக்கு அவளே விவரிப்பு எழுதிப் பார்க்கட்டும். நாலு தடவை திருத்தியும் அலுக்கவில்லை என்றால் மேலே சொன்னபடி சேருங்கள். இரண்டாம் தடவையே மூடி வைத்துவிட்டால் அவளையும் அழைத்துக்கொண்டு வாருங்கள், வேறு படிப்பைப் பற்றி மூவரும் உட்கார்ந்து பேசலாம்.