கழுத்து முறிவும் மூச்சும்: சளியை வெளியே தள்ளுவது யார்?

இந்த முறை வந்த கேள்விகள் எல்லாமே கழுத்துத் தண்டுவடக் காயம் பற்றியவை. கேட்டவர்களில் நோயாளி ஒருவர்தான். மற்றவர்கள் பக்கத்தில் இருந்து பார்த்துக்கொள்பவர்கள்.

தென்னை மரத்திலிருந்து விழுந்த தம்பிக்கு சி5 அளவில் (கழுத்துத் தண்டுவடத்தின் 5ஆம் பகுதியில்) காயம். முதல் நாள் நன்றாகப் பேசினான். மூன்றாம் நாள் வென்டிலேட்டரில் வைத்துவிட்டார்கள். சிகிச்சையில் தவறா?

இதை மட்டும் வைத்து அப்படிச் சொல்ல முடியாது. நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவில் இருந்து மூச்சை இழுக்கும் தசையான உதரவிதானத்தை இயக்கும் நரம்பு கழுத்தின் 3, 4, 5ஆம் பகுதிகளிலிருந்து வருகிறது. அடிபட்ட இடத்து வீக்கம் அடுத்த சில நாட்களில் ஒரு படி மேலேறினாலே அந்த நரம்பு மந்தமாகிவிடும். விலா எலும்புத் தசைகளோ ஏற்கெனவே படுத்துவிட்டன. இரட்டை மாட்டு வண்டியை ஒற்றை மாடு இழுத்தால் எத்தனை நாள் தாங்கும்? வீக்கம் வடிந்ததும் சி5 காயக்காரர்களில் பெரும்பாலோர் வென்டிலேட்டரிலிருந்து வெளியே வந்துவிடுகிறார்கள். சி1, சி2 முழுக் காயம் என்றால் கதை வேறு. நடிகர் கிறிஸ்டோபர் ரீவ் 1995இல் குதிரையிலிருந்து விழுந்தபோது அடிபட்டது அந்த இடத்தில்தான்.

படுத்திருந்தால் மூச்சு நன்றாக இருக்கிறது, சக்கர நாற்காலியில் உட்கார வைத்தால் திணறுகிறார். இதய நோயா?

படுத்தால் திணறி, உட்கார்ந்தால் தேறும் இதய நோயாளிக்கு நேர் எதிராக இருக்கிறதே, கவனித்தீர்களா? வயிற்றுத் தசை செயலிழந்தவர் நிமிர்ந்து உட்கார்ந்தால் வயிறு முன்னால் தொங்கும், உதரவிதானம் கீழே இறங்கித் தட்டையாகிவிடும். அப்புறம் இழுக்க அதற்கு இடமில்லை. உட்கார வைக்கும் முன், படுத்த நிலையிலேயே வயிற்றுக்கு பெல்ட் கட்டிப் பாருங்கள். விலாவின் மேல் ஏறக் கூடாது, சிறுநீர்க் குழாயை நசுக்கவும் கூடாது. பலருக்கு அன்றைக்கே வித்தியாசம் தெரியும். பெல்ட் கட்டியும் திணறினால் மருத்துவரிடம் காட்டுங்கள்.

அப்பாவுக்குத் தொண்டையில் சளி கரகரக்கிறது. இரும முயல்கிறார், சத்தமே வரவில்லை. நாங்கள் என்ன செய்யலாம்?

நான் அதிகம் பயப்படுவது இதற்குத்தான். மூச்சை உள்ளே இழுக்க உதரவிதானம் இருக்கிறது. ஆனால் இருமலின் பலம் வயிற்றுத் தசையிலிருந்து வருவது. அது போய்விட்டால் சளி உள்ளேயே தங்கி நிமோனியாவாகும். இப்படிப்பட்டவர்களை வருடங்கள் கழித்தும் கொண்டுபோவது பெரும்பாலும் அதுதான். ஆகவே இருமலை நீங்கள் கடன் கொடுக்க வேண்டும்.

அவரை மல்லாக்கப் படுக்க வையுங்கள். உங்கள் உள்ளங்கையின் அடிப்பகுதியைத் தொப்புளுக்கும் விலாவுக்கும் நடுவில் வையுங்கள். அவர் ஆழமாக மூச்சிழுக்கட்டும். “ஒன்று, இரண்டு, இருமுங்கள்” என்று சொல்லி, அவர் இருமும் அதே நொடியில் உள்ளும் மேலுமாக ஒரு தள்ளு. நொடி தவறினால் பயனில்லை. மூன்று நான்கு தடவைக்குப் பின் இளைப்பாற விடுங்கள். சாப்பிட்ட உடனே வேண்டாம். கழுத்து எலும்பு இன்னும் உறுதியாகாதவர்கள், விலா முறிந்தவர்கள், வயிற்றில் அறுவை ஆனவர்கள் மருத்துவரைக் கேட்காமல் செய்யவே கூடாது. முதல் தடவை பிசியோதெரபிஸ்ட் உங்கள் கையின் மேல் தன் கையை வைத்துச் சொல்லித்தர வேண்டும். படித்துக் கற்கிற வித்தை இல்லை இது.

சக்ஷன் போடும்போது, அதாவது குழாய் விட்டுச் சளியை உறிஞ்சும்போது, நாடித்துடிப்பு இறங்குகிறதே?

கழுத்துக் காயத்தில், முக்கியமாக முதல் சில வாரங்களில், அப்படி ஆகும். இதயத்தை வேகப்படுத்தும் நரம்புகள் அறுபட்டிருக்க, மெதுவாக்கும் வேகஸ் நரம்பு மட்டும் விழித்திருக்கிறது. முன்பே ஆக்சிஜன் கொடுத்துவிட்டு, குழாயைச் சில நொடிகளுக்கு மேல் உள்ளே வைக்காதீர்கள். துடிப்பு சரிந்தால் உடனே நிறுத்துங்கள். அன்றே மருத்துவரிடமும் சொல்லுங்கள்.

காயம்பட்டு மூன்று வருடம். காலையில் தலைவலி, பகலெல்லாம் தூக்கம். வீட்டில் ஆக்சிஜன் மெஷின் வாங்கிவிடட்டுமா?

அவசரப்படாதீர்கள். நீங்கள் சொல்வது இரவில் கரியமில வாயு தேங்குவதற்கான அறிகுறி போலிருக்கிறது. ஆக்சிஜன் மட்டும் கொடுத்தால் விரலில் மாட்டும் கருவி ஆக்சிஜன் அளவை 98 சதவீதம் என்று காட்டும், உள்ளே கரியமில வாயு ஏறிக்கொண்டே போகும். தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வருவதும் உங்களைப் போன்றவர்களிடம் சாதாரணம். தூக்கப் பரிசோதனையும் ரத்த வாயுப் பரிசோதனையும் இந்த வாரமே கேளுங்கள். தேவைப்பட்டால் மூச்சை உள்ளே தள்ளி உதவும் பைபாப் கருவியின் முகமூடி தருவார்கள். தூக்க மாத்திரை ஏதாவது எடுக்கிறீர்களா? எடுத்தால் அந்தச் சீட்டையும் கையோடு கொண்டுபோங்கள்.