கன்று போட்டதும் முட்ட வரும் மாடு: விற்றுவிடலாமா?

கேள்வி: தாராபுரம் பக்கம் எங்களுக்குக் கொரங்காடு, அதாவது வேலியடைத்த மேய்ச்சல் காடு, இருக்கிறது. ஐந்து காங்கயம் மாடுகள் வைத்திருக்கிறோம். இரண்டாம் ஈத்து மயிலை (சாம்பல் நிற) மாடு ஒன்று மூன்று நாள் முன்பு காட்டிலேயே கன்று போட்டது. நஞ்சுக்கொடியை எடுத்து ஆலமரத்தில் கட்டலாம் என்று போன என் மாமனாரை முட்டித் தள்ளிவிட்டது. விலாவில் அடி. அதுவரை என் பிள்ளைகளே கயிற்றைப் பிடித்து ஓட்டிப்போன மாடு அது. இன்னும் இரண்டு மாடுகள் அடுத்த மாதம் ஈன இருக்கின்றன. இந்த மாட்டை விற்றுவிடலாமா, பழக்க வழி உண்டா?

பதில்: மாமனாருக்கு மூச்சை இழுத்துவிடும்போது வலி இருந்தால், தைலம் தேய்த்துக்கொண்டிருக்காமல் ஒரு எக்ஸ்ரே எடுத்துவிடுங்கள். விலா எலும்பில் விரிசல் விழுந்தால் வெளியே தெரியாது.

விற்பது பற்றி அப்புறம் பேசலாம். மாமனாரோடு நாய் போனதா? காட்டுக்குப் போகிறவர் பின்னால் நாய் போகாமல் இருக்காது என்பதால் கேட்கிறேன். கன்று போட்ட மாட்டுக்கு வீட்டு நாய், தெரு நாய் என்ற வேறுபாடு கிடையாது. மாடு நாயைத் துரத்தும். நாய் நேராக நம் காலடியில் வந்து ஒளியும். முட்டு நமக்கு விழும். உங்கள் பக்கம் தெருநாய்கள் பட்டியில் புகுந்து ஆடுகளைக் கடித்துக் குதறுவது உங்களுக்கே தெரியும். அந்தக் காட்டில் கன்றைக் காப்பாற்றும் குணம் ஒரு மாட்டுக்கு இருப்பது குறையே இல்லை.

ஆனால் இது தாய்க்கோபம்தானா என்பதை ஒருமுறை உறுதி செய்துகொள்ளுங்கள். தாய்க்கோபம் கன்றைச் சுற்றியே இருக்கும். கன்றை விட்டு நகர்ந்தால் மாடு பழையபடி தீவனம் தின்னும், அசைபோடும். கன்றைப் பற்றிய கவலையே இல்லாமல் எதிர்ப்பட்டதை எல்லாம் முட்டுகிறது, எச்சில் ஒழுகுகிறது, கத்தும் குரல் மாறிவிட்டது, தண்ணீரை விழுங்க முடியவில்லை என்றால் அது வெறிநோயாக இருக்கலாம். அப்படி இருந்தால் தொண்டையில் ஏதோ அடைத்திருக்கிறது என்று வாய்க்குள் கையை விட்டுவிடாதீர்கள், பாலையும் பயன்படுத்தாதீர்கள். உடனே கால்நடை மருத்துவரைக் கூப்பிடுங்கள். இன்னொன்று, மடி வீங்கிச் சூடாக இருந்தால் மடிநோய் வலியிலும் மாடு உதைக்கும், முட்டும். அதற்கு வைத்தியம் பார்த்தால் கோபமும் போய்விடும்.

இது எதுவும் இல்லையென்றால் கவலைப்பட வேண்டாம். கன்று போட்ட முதல் சில நாள்தான் கடுமை. ஒன்றிரண்டு வாரத்தில் பெரும்பாலும் தணிந்துவிடும். அந்த நாட்களில் நாம் தேவையில்லாமல் கிட்டே போவதால்தான் பாதி விபத்து நடக்கிறது. நஞ்சுக்கொடியையே எடுத்துக்கொள்ளுங்கள். அதை ஆலமரத்தில் கட்டுவது நம் வழக்கம், நான் குறை சொல்லவில்லை. ஆனால் அவசரமே இல்லாத வேலை அது. மாட்டைத் தண்ணீருக்கு ஓட்டிய பிறகு நீளமான தொரட்டியால் இழுத்துக்கொள்ளலாம். ஈன்று 12 மணி நேரமாகியும் கொடி விழாவிட்டால் மருத்துவரிடம் சொல்லுங்கள். கல்லைக் கட்டித் தொங்கவிடுவது வேண்டாம்.

சீம்பால் மட்டும் காத்திருக்காத விஷயம். பிறந்து ஒன்றிரண்டு மணி நேரத்துக்குள் கன்று குடித்தாக வேண்டும். நேரம் போகப்போக நோய் எதிர்ப்புச் சத்தைக் குடல் உறிஞ்சுவது குறைந்துகொண்டே வரும்; ஒரு நாள் கழிந்தால் அநேகமாக நின்றுவிடும். 20 கிலோ கன்றென்றால் முதல் நாளில் 2 லிட்டராவது, பல தடவையாக உள்ளே போக வேண்டும். இதைப் பார்க்கக்கூட கிட்டே போக வேண்டியதில்லை. கன்று எழுந்து, வாலை ஆட்டிக்கொண்டு மடியை இடித்துக் குடிக்கிறதா, காம்பு ஈரமாகப் பளபளக்கிறதா என்று வேலிக்கு வெளியே நின்றே பார்த்துவிடலாம்.

தொப்புள்கொடிக்கு டிங்சர் அயோடின் வைக்கத்தான் கன்றைத் தொட வேண்டிவரும். அதற்கு அடுத்த மாதம் ஈனப்போகும் இரண்டுக்கும் இப்போதே ஏற்பாடு செய்துவிடுங்கள். காளைக்குச் சேர்த்த தேதியிலிருந்து 280 நாள் கணக்குப் போட்டு, பதினைந்து நாள் முன்பே அவற்றை வீட்டுப் பக்கம் தனி இடத்துக்குக் கொண்டுவாருங்கள். தினமும் ஒரே ஆள் தீவனம் வைக்கட்டும். பால் கறக்கப்போகிறவரே அந்த ஆளாக இருந்தால் நல்லது. மூலையில் ஒரு படலையோ நாலு மூங்கிலையோ குறுக்கே கட்டி, கன்று நிற்கிற அளவுக்கு இடம் ஒதுக்குங்கள். ஈன்று, நக்கி முடித்து, கன்று ஒருமுறை குடித்த பிறகு அதை அந்தப் பக்கம் விட்டுவிட்டால், தாய் இந்தப் பக்கம் நின்று பார்க்கலாம், முகரலாம், இடுக்கு வழியாக நக்கலாம். நீங்கள் அந்தப் பக்கம் நின்று மருந்து வைத்துவிடலாம். கன்றை மட்டும் தாயின் கண்ணுக்கு மறைத்துத் தூக்கிப்போய்விடாதீர்கள். சாது மாடும் அப்போது கயிற்றை அறுக்கும்.

இப்போது காட்டில் இருக்கும் மயிலையை எப்படி வீட்டுக்குக் கொண்டுவருவது? இரண்டு பேராகப் போங்கள். நாயைக் கட்டிப்போடுங்கள், பிள்ளைகள் வேண்டாம். தூரத்திலிருந்தே பழக்கப்பட்ட குரலில் பேசிக்கொண்டே போங்கள். சத்தமில்லாமல் பின்னால் போய் நிற்கக் கூடாது, மாட்டுக்கு நேர் பின்பக்கம் கண் தெரியாது. தாய்க்கும் கன்றுக்கும் நடுவில் மட்டும் ஒருபோதும் நிற்காதீர்கள். ஒருவர் தவிடு கலந்த தீவனத்தைக் காட்டி மாட்டை முன்னே நடத்தட்டும். கன்றைத் தள்ளுவண்டியில் தாழ்வாகப் படுக்கவைத்து, தாய்க்குத் தெரிகிற மாதிரி மற்றவர் வண்டியை இழுத்து வரட்டும். வண்டி எப்போதும் தாய்க்கும் அதை இழுப்பவருக்கும் நடுவில் இருக்கட்டும்.

மாடு தலையைத் தாழ்த்திச் சீறினால், முன்னங்காலால் மண்ணைக் கிளறினால், உடம்பைப் பக்கவாட்டில் காட்டி விறைத்து நின்றால் அன்றைக்கு விட்டுவிட்டுத் திரும்பிவிடுங்கள். முதுகைக் காட்டி ஓட வேண்டாம். பார்த்துக்கொண்டே பக்கவாட்டில் விலகி ஒரு வெள்வேல மரத்துக்குப் பின்னால் போய்விடுங்கள். எந்த மரம் என்று போகும்போதே பார்த்துவைத்துக்கொள்வது நல்லது. கிளுவை வேலி அவசரத்துக்கு உதவாது, முள் கிழித்துவிடும்.

இனி விற்பது. பதினைந்து நாள் பாருங்கள். தணிந்துவிட்டால் வைத்துக்கொள்ளுங்கள், ஆனால் அடுத்த ஈத்திலும் இப்படித்தான் இருக்கும் என்று எதிர்பார்த்து முன்கூட்டியே பிரித்துக் கட்டுங்கள். கன்று கிட்டே இல்லாதபோதும் ஆளைக் கண்டால் முட்ட வருகிறது என்றால், பிள்ளைகளும் வயதானவர்களும் இருக்கும் வீட்டில் அந்த மாடு வேண்டாம். எவ்வளவு நல்ல சுழியாக இருந்தாலும் சரி. விற்கும்போது முட்டியதை வாங்குகிறவரிடம் சொல்லியே விற்றுவிடுங்கள். விலை கொஞ்சம் குறையும், பரவாயில்லை.