பழைய துப்பறியும் நாவல்களுக்கு ஆதாரம் எங்கே?

அன்புள்ள ஐயா,

நெல்லையில் முனைவர் பட்ட ஆய்வு செய்கிறேன். 1940-க்கு முந்தைய தமிழ்த் துப்பறியும் நாவல்கள்தான் தலைப்பு. ஆரணி குப்புசாமி முதலியார், ஜே.ஆர். ரங்கராஜு, வடுவூர் துரைசாமி ஐயங்கார் என்று இணையத்தில் தேடினால் அதே நாலு பத்திதான் திரும்பத் திரும்ப வருகிறது. எங்கள் நூலகக் கணினியில் சில மறுபதிப்புகள் மட்டும் காட்டுகிறது. எத்தனை பிரதி அச்சானது, என்ன விலை என்பதற்கெல்லாம் ஆதாரமே இருக்காதோ? தலைப்பை மாற்றிவிடலாமா? பெயர் வெளியிட வேண்டாம்.

ஆய்வு மாணவி, திருநெல்வேலி

அன்புள்ள நண்பருக்கு,

மாற்றாதீர்கள். ஆதாரம் இருக்கிறது, கூகுள் எட்டாத இடத்தில் இருக்கிறது. அவ்வளவுதான்.

பிரதி எண்ணிக்கையை முதலில் எடுத்துக்கொள்வோம். 1867-இல் வந்த அச்சகம், புத்தகப் பதிவுச் சட்டப்படி அச்சாகும் புத்தகங்களை அரசிடம் பதிய வேண்டியிருந்தது. அந்த விவரங்களைக் காலாண்டுக்கு ஒருமுறை பட்டியலாக அரசு கெஜட்டில் வெளியிட்டார்கள். தலைப்பு, ஆசிரியர், அச்சகம், பக்கம், எத்தனையாவது பதிப்பு, எத்தனை பிரதி, என்ன விலை எல்லாம் அதில் உண்டு. எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் சென்னை மாகாண கெஜட் தொகுதிகளைக் கேளுங்கள். ஒன்று, பிரதி எண்ணிக்கை அச்சகக்காரர் சொன்ன கணக்கு. கொஞ்சம் சந்தேகத்தோடே படியுங்கள். ஆனால் ஒரே நாவல் இரண்டாம், மூன்றாம் பதிப்பாக அடுத்தடுத்த ஆண்டுகளில் வந்திருந்தால், விற்பனையைப் பற்றி அதைவிட நல்ல சாட்சி கிடைக்காது.

அப்புறம் நாவல்கள். சென்னை தரமணியில் உள்ள ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்தில் தொடங்குங்கள். கோட்டையூர் ரோஜா முத்தையா செட்டியார் மற்றவர்கள் குப்பை என்று ஒதுக்கியதையும் சேர்த்துவைத்த மனிதர். அவர் மறைந்த பிறகு சிகாகோ பல்கலைக்கழகம் அந்தச் சேகரிப்பை வாங்கி, சென்னையிலேயே 1994-இல் நூலகமாக்கியது. கிளம்புவதற்கு முன் அவர்களுக்கு எழுதுங்கள். "பழைய நாவல் ஏதாவது இருக்கிறதா" என்று கேட்டால் நூலகர் என்ன செய்வார், பாவம்? இன்னார் எழுதிய இன்ன நாவல், 1930-க்கு முந்தைய பதிப்புகள் எவை என்று கேளுங்கள். பதில் வேறு மாதிரி வரும்.

வெளிநாட்டுப் பல்கலைக்கழக அட்டவணைகளில் தேடும்போது ஒரு சிக்கல் வரும். பல மாணவர்கள் இங்கேதான் "இல்லை" என்று திரும்பிவிடுகிறார்கள். அங்கே தமிழ்ப் பெயர்களை நாம் கையெழுத்துப் போடுகிற மாதிரி எழுதுவதில்லை. தமிழ் எழுத்துக்கு எழுத்து ஆங்கில எழுத்தாக மாற்றுகிறார்கள். குப்புசாமியில் எஸ் (S) வராது, சி (C) வரும். ரங்கராஜுவில் ஜி (G) இருக்காது, அந்த இடத்தில் கே (K). இரண்டு விதமாகவும் தட்டிப் பாருங்கள்.

இந்தியப் பல்கலைக்கழக ஆய்வேடுகளைச் சேர்த்துவைக்கும் இணையதளமான ஷோத்கங்காவை விட்டுவிடாதீர்கள். ஆய்வேடுகள் பெரும்பாலும் அங்கே இயல் இயலாகத் தனித்தனிக் கோப்பாக இருக்கும். முதலில் துணைநூற்பட்டியல் கோப்பைத் திறங்கள். உங்களுக்கு முன்னால் ஒருவர் அலைந்து திரிந்து கண்டுபிடித்ததெல்லாம் அதில் இருக்கும். (ஆய்வேட்டின் மற்ற இயல்களைப் படிக்கப் பொறுமை வேண்டும், அது வேறு கதை.) பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்த ஆய்வேடுகளுக்குள் சொல் தேடினால் அகப்படாது, கண்ணால்தான் பார்க்க வேண்டும்.

தமிழ் இணைய மின்னூலகத்திலும் பழைய நாவல்கள் வீட்டிலிருந்தே படிக்கக் கிடைக்கின்றன. ஆனாலும் சென்னைக்கு ஒருமுறை போய்வாருங்கள். அந்தக் காலத்து நாவல்களின் கடைசிப் பக்கங்களில் பதிப்பாளர் தம்மிடம் கிடைக்கும் மற்ற புத்தகங்களை விலையோடு விளம்பரம் செய்திருப்பார். நாவலுக்குப் பக்கத்தில் சோதிடமும் சமையலும் விற்றாரா, பக்திப் பாடல் விற்றாரா என்று பார்த்தால், வாங்கியவர்கள் யார் என்று ஊகிக்கலாம். பைண்டிங் செய்யும்போது இந்தப் பக்கங்களைத்தான் முதலில் கிழித்துப் போடுவார்கள். அதனால் ஒரே நாவலுக்கு இரண்டு பிரதி இருந்தால் இரண்டையும் கேட்டு வாங்கிப் பாருங்கள்.